செம்பருத்திக்கு முதுகைக் காட்டி

"டீச்சர், எல்லார் வீட்டுக்கும் வருது. என் வீட்டுக்கு மட்டும் தேன்சிட்டு வர மாட்டேங்குதே, நான் என்ன பாவம் பண்ணினேன்?"

கேட்டவர் சபேசன். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். பதில் சொல்ல வேண்டியவள் மாதங்கி. தென்காசியில் பறவை பார்க்கக் கற்றுக்கொடுப்பவள். சபேசனின் கடைசி மகளைவிட இளையவள். இருந்தாலும் அவள் முன்னால் மனுஷன் கையைக் கட்டிக்கொண்டுதான் நிற்பார். குருவுக்கு வயசா முக்கியம்?

"அப்படி என்ன சார் அவசரம்?"

"நாளைக்கு அக்கா வர்றா, அமெரிக்காவுல இருந்து. அவ வீட்டு ஜன்னலுக்கே ஹம்மிங்பேர்ட் வருதாம். 'உன் ஊர்ல காக்கா தானலே இருக்கு'ன்னு போன்ல ஒரே சிரிப்பு. எனக்கு ரோஷம் வந்துட்டு. 'அதுக்குச் சளைக்காத தேன்சிட்டு என் தோட்டத்துலயே இருக்கு, வா காட்டுதேன்'னு வாயை விட்டுட்டேன். காட்டலைன்னா பொங்கல் முழுக்க சொந்தக்காரங்க முன்னால வச்சு ஓட்டியே கொன்னுருவா."

"இதுவரைக்கும் என்ன செஞ்சீங்க?"

"என்ன செய்யலை? செம்பருத்தி வச்சேன். பைனாகுலர் வாங்கினேன். வெயில் பட்டா ஊதாவும் பச்சையுமா தகதகன்னு மின்னும், அலகு ஊசி மாதிரி வளைஞ்சிருக்கும். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்!"

மாதங்கிக்குச் சிரிப்பு வந்தது. "காலையில வர்றேன்" என்றாள்.

காலையில் வந்தாள். சபேசன் வராந்தாவில் செம்பருத்தியைப் பார்த்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கழுத்தில் பைனாகுலர். கையில் ஒரு துண்டு.

"துண்டு எதுக்கு சார்?"

"ஒரு குருவி உயிரை வாங்குது டீச்சர். மங்கிப்போன நிறம், வயிறு மட்டும் லேசா மஞ்சள். நான் உட்கார்ந்தாலே தலைக்கு மேல வந்து கத்தும். அந்தச் சத்தத்துல தேன்சிட்டு எப்படி வரும்? அதான் விரட்டிக்கிட்டே இருக்கேன்."

"அதோட அலகு எப்படி இருக்கும்?"

"அதைப் போய் யாரு பார்த்தா?"

மாதங்கி கையை நீட்டினாள். துண்டை வாங்கி மடித்துத் தன் தோளில் போட்டுக்கொண்டாள். பைனாகுலரை வாங்கி உறையில் போட்டாள். பிறகு அவரை எழுப்பி, நாற்காலியை வீட்டுச் சுவரைப் பார்த்துத் திருப்பினாள்.

"டீச்சர், செம்பருத்தி அந்தப் பக்கம்!"

"தெரியும்."

"அக்கா இப்ப வந்துருவா..."

"பேசாம உட்காருங்க."

உட்கார்ந்தார். உள்ளுக்குள் கோபம் கொதித்தது. எதிரே சுவர், மீட்டர் பெட்டி, துணி காயப்போடும் கம்பி. கம்பியில் உள்ளங்கை நீளத்துக்கு ஒரு ஒட்டடை தொங்கியது. சருகும் நாருமாக ஒரே குப்பை.

சபேசனுக்கு மானம் போயிற்று. பொங்கலுக்கு வீடு முழுக்கத் தூசி தட்டியும் இதை விட்டுவிட்டோமே என்று எட்டி ஒட்டடைக் கம்பை எடுத்தார்.

மாதங்கி அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

அந்த மங்கல் குருவி வந்தது. இவரைப் பார்த்துத் தயங்கியது. துண்டு வீசப்படவில்லை. கொஞ்சம் கிட்டே வந்தது. அப்புறம் ஒரே தாவாகத் தாவி ஒட்டடையைப் பற்றிக்கொண்டது.

ஒட்டடையில் ஒரு ஓட்டை இருந்தது. ஓட்டைக்குள்ளிருந்து சின்னஞ்சிறு வாய்கள் திறந்தன. குருவி குனிந்து ஊட்டியது.

அலகு வளைந்திருந்தது.

கம்பு மெல்லத் தரைக்கு வந்தது. சபேசனுக்குக் கண் நிறைந்துவிட்டது. கூடவே சிரிப்பும் வந்தது. சத்தம் வரக் கூடாதென்று வாயைப் பொத்திக்கொண்டு தொப்பை குலுங்கச் சிரித்தார்.

"டீச்சர், இவளையா நான் இத்தனை நாளும்..."

"ம்."

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. ஆளுக்கு முன்னால் குரல் வந்தது.

"ஏலே சபேசா! எங்கலே உன் ஹம்மிங்பேர்ட்?"

செருப்புகூடப் போடாமல் ஓடினார். உதட்டில் விரலை வைத்துக் காட்டி, அக்காவைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து அதே நாற்காலியில் உட்கார வைத்தார்.

அந்த நேரம் பார்த்துத்தானா வர வேண்டும்! பின்னால் செம்பருத்தியில் ஆண் தேன்சிட்டு வந்து உட்கார்ந்தது. வெயிலில் ஊதாவும் பச்சையும் தகதகத்தன. அக்கா திரும்பிப் பார்த்து வாயைப் பிளந்தாள்.

"ஆத்தாடி, என்ன அழகுலே!"

சபேசன் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அக்காவின் முகத்தைப் பிடித்துக் கம்பிப் பக்கம் திருப்பினார்.

"அவன் கிடக்கான்க்கா. முதல்ல இவளைப் பாரு."