துரைசாணியின் கை

வேதநாயகம் சீடராகச் சேர்ந்தபோது அவருக்கு வயது ஐம்பத்தாறு. குருவுக்கு முப்பத்தொன்பது.

முப்பத்தொரு வருடம் சினிமாவுக்கு வயலின் வாசித்தவர் அவர். மூன்றாவது வரிசை, சுவரோர நாற்காலி. முன்னால் என்ன தாளை வைத்தார்களோ அதை வாசித்தார், பிசகியதில்லை. பிள்ளைகள் தலையெடுத்த பிறகு, படத்துக்குப் பின்னணி இசையைத் தானே எழுத வேண்டும் என்று ஆசை வந்தது. இசையமைப்பாளர் பியூலாவிடம் போய்க் கேட்டார்.

“எனக்குக் கத்துக்கொடுக்கத் தெரியாது சார். கூட இருங்க,” என்றார் பியூலா.

இரண்டு வருடம் கூட இருந்தார்.

அப்போதுதான் அந்தப் பேய்ப் படம் வந்தது. பயமும் சிரிப்பும் கலந்த படம். மலைமேல் பாழடைந்த எஸ்டேட் பங்களா, தூசி படிந்த சரவிளக்குகள், கல்யாணக் கவுனோடு செத்துப்போன ஒரு வெள்ளைக்காரத் துரைசாணி. இது ஒன்றும் தெரியாமல் அங்கே வேலைக்கு வந்து சேரும் சமையல்காரன் மாயாண்டி.

அதில் ஒரு காட்சியை எடுத்து வேதநாயகத்திடம் கொடுத்தார் பியூலா. சாப்பாட்டுக் கூடத்துக் காட்சி. நீள மேசையின் ஒரு கோடியில் துரைசாணி வந்து உட்காருகிறாள். யாரோ விருந்தாளி என்று நினைத்து, மண் ஒட்டிய அவள் கையைப் பார்த்துத் திட்டுகிறான் மாயாண்டி. பாதியில்தான் அவளுக்கு நிழலில்லை என்று கவனிக்கிறான். ஓடவும் முடியாமல் நிற்கவும் முடியாமல், கரண்டியை ஒரு தரம் நழுவவிட்டு, நடுங்கிக்கொண்டே சூப் பரிமாறுகிறான். மொத்தம் மூன்றே முக்கால் நிமிடம்.

“இது முழுக்க உங்களோடது. நான் கை வைக்க மாட்டேன்.”

பதினொரு நாள் எழுதினார் வேதநாயகம். மாயாண்டியின் தொந்தி நடைக்கு, அடித்தொண்டையில் முனகும் பாசூன் குழல். பேயின் எலும்புக்கு, மரக்கட்டையில் தட்டும் சைலஃபோன். கரண்டி விழும் இடத்துக்கு ஒரு டிரம்பெட் இளிப்பு. ஒவ்வொரு சிரிப்பையும் நொடி பிசகாமல் குறித்துவைத்தார்.

ஒலிப்பதிவு அன்று காலை ஒன்பது மணிக்கு நாற்பத்திரண்டு பேர் வந்து உட்கார்ந்தார்கள். எல்லாரும் பழைய கூட்டாளிகள். எதிரே மேடையில் ஏறி நின்றார் வேதநாயகம். திரையில் படம் ஓடியது. கையை அசைத்தார்.

வாசித்து முடித்ததும் வயலின்காரர்கள் எல்லாரும் வில்லால் ஸ்டாண்டைத் தட்டிப் பாராட்டினார்கள். “அண்ணே, பிரமாதம்!” என்றார் பாசூன் வாசித்த தொரைபாபு.

கூடத்தின் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம், ஒலிப்பதிவு அறையில், டைரக்டர் கார்முகிலன் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு மைக்கை அழுத்தினார்.

“எடிட்டிங்ல மியூசிக் இல்லாம பார்த்தப்போ சிரிச்சேன் சார். இப்ப சிரிப்பு வரல.”

கார்முகிலன் கடிகாரத்தைப் பார்த்தார்.

“நாளைக்கு மிக்ஸிங். ஒரு மணிக்கு இவங்கள்லாம் கிளம்பிடுவாங்க. அதுக்குள்ள சரியா வரலைன்னா, இந்த சீனையே தூக்கிடறேன்.”

வேதநாயகம் பியூலாவைப் பார்த்தார். பியூலா மூலையில் உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தார்.

சிரிப்பு வேண்டாமென்றால் பயம். அப்படித்தான் அவருக்குத் தோன்றியது. பியானோ முன்னால் உட்கார்ந்து முக்கால் மணி நேரம் மளமளவென்று மாற்றி எழுதினார். தாளில் பாசூன் வரியை அடித்து நீக்கினார். சைலஃபோனையும் நீக்கினார். செல்லோக்களை நடுங்கவிட்டார், அடியில் டிம்பனி முரசை உருட்டவிட்டார். தாள் பிரதியாகி எல்லார் கைக்கும் வருவதற்குள் பன்னிரண்டு அடித்துவிட்டது.

வாசித்தார்கள். கூடம் அதிர்ந்தது.

“இப்ப பயமும் வரல சார்,” என்றார் கார்முகிலன். குரலில் கோபம்கூட இல்லை; அதுதான் வேதநாயகத்தை என்னமோ செய்தது. “மாயாண்டி வெறும் மடையனாத் தெரியறான்.”

மேடையை விட்டு இறங்கி நேரே பியூலாவிடம் போனார். நாற்பத்திரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவருக்கு அது உறைக்கவில்லை.

“மேடம், ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. இந்த இடத்துல ஜனங்களைச் சிரிக்க வைக்கணுமா, பயமுறுத்தணுமா?”

பியூலா பென்சிலைக் கீழே வைத்தார். எழுந்து போய் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து திரைக்கு முன்னால் போட்டார்.

“உட்காருங்க.”

“மேடம், மணி பன்னெண்டு பத்து!”

“உட்காருங்க சார்.”

உட்கார்ந்தார். பியூலா ஒலியை அணைக்கச் சொன்னார். படம் முதலிலிருந்து ஊமையாக ஓடத் தொடங்கியது.

“மாயாண்டியைப் பார்க்காதீங்க. அந்த அம்மா கையை மட்டும் பாருங்க.”

அந்தக் காட்சியை இருநூறு முறையாவது பார்த்திருப்பார் வேதநாயகம். எல்லா முறையும் மாயாண்டியின் காலையும் கரண்டியையும்தான் பார்த்தார். இசை விழ வேண்டிய இடங்கள் அங்கேதான் இருந்தன. இப்போது மேசையின் மறுகோடியைப் பார்த்தார்.

மாயாண்டி வாயசைத்துத் திட்டுகிறான். துரைசாணி குனிந்து தன் கைகளைப் பார்க்கிறாள். நகத்தில் கல்லறை மண். மெல்ல அவற்றை மேசைக்கு அடியில் இழுத்துக்கொள்கிறாள். அங்கே யாருக்கும் தெரியாமல் கவுனில் துடைக்கிறாள். போகவில்லை. மறுபடி துடைக்கிறாள். சூப் வந்ததும் ஒரு விரலை மட்டும் வெளியே நீட்டி, கோணலாகக் கிடந்த ஸ்பூனை நேராக வைக்கிறாள். ஆவி பறக்கும் கிண்ணத்தின் மேல் முகத்தைக் கொண்டுபோகிறாள்.

படம் முடிந்தது. வேதநாயகம் எழுந்திருக்கவில்லை.

“கார்முகிலன்,” என்று கண்ணாடிப் பக்கம் திரும்பினார் பியூலா. “இந்த அம்மா எதுக்கு மேசைக்கு வந்தாங்க?”

கார்முகிலன் மைக்கை அழுத்தினார். “நான் யோசிக்கல மேடம். அந்தக் கை விஷயமெல்லாம் நடிச்சவங்க தானாப் பண்ணினது.”

“பசிச்சு வந்திருக்காங்க,” என்றார் வேதநாயகம். யாரிடம் சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை.

பியூலா மூலைக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்.

பன்னிரண்டு இருபத்தைந்து. வேதநாயகம் ஒரே ஒரு தாளை எடுத்தார். ஏழே வரி எழுதினார். நிமிர்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“வயோலா நாலு பேர் மட்டும் இருங்க. மத்தவங்க வாசிக்க வேண்டாம்.”

முப்பத்தெட்டுப் பேர் அவரைப் பார்த்தார்கள். முப்பத்தொரு வருடப் பழக்கம். தொரைபாபு பாசூனை மடிமீது சாய்த்துவைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்தார். வேதநாயகத்துக்கு முகம் சுட்டது. ஆனாலும் வார்த்தையைத் திருப்பி எடுக்கவில்லை.

வயலினைவிடக் கனத்த குரலுள்ள அந்த நான்கு வயோலாக்கள் ஒரு மெட்டைத் தொடங்கின. சாப்பிடும் முன் கண்மூடிச் சொல்லும் ஜெபம்போல, அவசரமில்லாத மெட்டு. ஒத்திகையை நிறுத்தி மைக்கில் வந்தார் கார்முகிலன்.

“சார், கரண்டி விழுற இடத்துல ஒண்ணுமே இல்லையே? அங்க ஒரு அடி வேணாமா?”

வேதநாயகத்தின் கண் தானாக மூலைக்குப் போனது. பியூலா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“வேணாம் சார்,” என்றார் வேதநாயகம். “அந்த அம்மா கரண்டியைப் பார்க்கல.”

டேக். பன்னிரண்டு நாற்பத்தெட்டு. மாயாண்டி திட்டினான். கைகள் மேசைக்கடியில் போயின. மெட்டு அவனைக் கண்டுகொள்ளாமல் தன்பாட்டில் போனது. கரண்டி விழுந்தது. மெட்டு நிற்கவில்லை.

களுக்கென்று ஒரு சிரிப்பு.

வயோலா வரிசையின் ஓரத்தில் ஹெப்சிபா, வில்லைத் தூக்கிப் பிடித்தபடி வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். காலையிலிருந்து அதே நாற்காலியில்தான் இருந்தார், திரை தெரியும் இடத்தில். இரண்டு முறையும் சிரிக்காதவர்.

“சாரிண்ணே! அடக்க முடியல...” என்றார். சொல்லும்போதே அவர் கண் கலங்கியிருந்தது. “பாவம்ண்ணே அது. முதுகெல்லாம் சில்லுன்னுது.”

சிரிப்பும் பதிவாகி டேக் வீணாகிவிட்டது. இன்னும் பத்து நிமிடம். கண்ணாடிக்கு அப்பாலிருந்து கார்முகிலன் இரண்டு கையையும் அசைத்தார்: சீக்கிரம், சீக்கிரம்.

“ஹெப்சிபா, கண்ணை மூடிக்கிட்டு வாசிம்மா,” என்றார் வேதநாயகம்.

ஒரு மணி ஆக மூன்று நிமிடம் இருக்கும்போது கடைசி ஸ்வரம் அடங்கியது. யாரும் வில்லால் தட்டவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் கார்முகிலன் எழுந்து நின்றிருந்தார். காட்சி படத்தில் தங்கியது.

படம் ஒரு வெள்ளிக்கிழமை வெளியானது. காலைக் காட்சிக்குப் பியூலாவும் வேதநாயகமும் போனார்கள். சாப்பாட்டுக் கூடம் வந்தபோது வேதநாயகம் இருக்கையின் நுனிக்கு வந்துவிட்டார். திரும்பித் திரும்பி இருட்டில் முகங்களைப் பார்த்தார். பின்வரிசையில் ஒருவன் சிரித்தான். அவனே சட்டென்று நிறுத்தினான். ஒரு பெண் புருஷனின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள், பிடித்தபடியே சிரித்தாள். பிறகு அரங்கம் மொத்தமும் ஒரு சத்தம் போட்டது. அது என்ன சத்தம் என்று அவருக்குப் பிடிபடவில்லை.

வெளியே வந்தார்கள். சாலையில் வெயில் கொளுத்தியது. பஸ் நிறுத்தம்வரை பொறுத்துப் பார்த்தார். முடியவில்லை.

“மேடம், நம்ம சீன்ல அவங்க சிரிச்சாங்களா, பயந்தாங்களா? உங்களுக்கு என்ன தோணுச்சு?”

“கவனிக்கல சார்,” என்றார் பியூலா. “நான் அந்த அம்மாவைப் பார்த்துக்கிட்டு இருந்தேன்.”