கூட்டத்துக்குப் போகாத வெள்ளெலி

மலையடிவாரக் காட்டில் வெள்ளெலி, முயல், அணில், முள்ளம்பன்றி எல்லாம் ஆளுக்கொரு கொல்லை வைத்துத் தினை பயிரிட்டு வந்தன. அங்கே தினையை விட்டால் வேறு தீனி கிடையாது.

முதல் மழை விழுந்த மறுநாள் அவை இலுப்பை மரத்தடியில் கூடும். வருஷா வருஷம் இது நடக்கும். ஒரே பானையில் கூழ் காய்ச்சிக் குடிக்கும். பிறகு, தன் குதிரில் எவ்வளவு தினை மிச்சம் என்று ஒவ்வொன்றும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். நிறைந்த குதிரிலிருந்து குறைந்த குதிருக்குப் போகும். கடைசியில், எல்லாக் கொல்லையிலும் விதைக்க ஒரே நாள் குறிக்கும். ஏன் ஒரே நாள் என்று செவத்தான் என்ற வெள்ளெலி கேட்டதே இல்லை.

அந்த வருஷம் செவத்தானின் குதிரில் அடிமண் தெரிந்தது. பொந்து நிறையக் குட்டிகள் வேறு.

கூட்டத்தன்று முள்ளம்பன்றி வந்து கூப்பிட்டது. "கிளம்பலையா தம்பி? கூழ் கொதிச்சாச்சு."

"எனக்குத் தலைக்கு மேல வேலை கிடக்கு அண்ணே. ஊர்க்கதை பேச உங்களுக்குத்தான் நேரம் இருக்கு."

முள்ளம்பன்றி முகம் வாடித் திரும்பிப் போனது.

செவத்தானின் மனைவி பூவாயிக்குப் பொறுக்கவில்லை. "ஏங்க, நம்மகிட்ட இல்லைன்னு போய்ச் சொன்னா என்ன? போன வருஷம் முயலுக்கு நாமதானே அள்ளிக் கொடுத்தோம்?"

"அதுக்குத்தான் போகலை. கொடுத்த கையை இப்ப நீட்டச் சொல்றியா? இருக்கிறதை இன்னிக்கே விதைச்சிடறேன். அவங்க கதிர் பால் பிடிக்கிறதுக்குள்ள நம்ம வீட்ல புதுத் தினை வந்துடும்."

வீராப்புக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை! வயிறுதான் பாவம். சாப்பாட்டுக்குக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு மற்றதையெல்லாம் செவத்தான் அன்றே விதைத்துவிட்டது. மற்றவை அடுத்த மழைக்குத்தான் விதைத்தன.

செவத்தானின் தினை நன்றாகத்தான் வந்தது. ஒதுக்கி வைத்தது தீர்ந்துபோன சமயம், கதிர் முற்றித் தலை சாய்ந்தது. நாளைக்கு அறுப்பு என்று சொல்லிக் குட்டிகளைத் தூங்க வைத்தாள் பூவாயி.

விடிந்ததும் கிளிகள் வந்தன. வானம் தெரியாத அளவுக்கு வந்தன. செவத்தான் ஒரு மூலையில் விரட்டினால் மறு மூலையில் இறங்கின. பூவாயிக்கும் குட்டிகளுக்கும் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப் போனது.

"ஏன் என் கொல்லையையே அழிக்கிறீங்க? காட்டில வேற கொல்லையே இல்லையா?" என்று அழாத குறையாகக் கேட்டது செவத்தான்.

ஒரு கிழட்டுக் கிளி கொத்துவதை நிறுத்தாமல் சொன்னது. "மத்ததெல்லாம் பச்சையா நிக்குது. எல்லாம் ஒண்ணா விளைஞ்சா கொல்லைக்கு நாலு கதிரோட போயிடுவோம். இந்த வருஷம் நீ ஒருத்தன்தான் பந்தி போட்டிருக்க. நாங்க எங்க போறது?"

செவத்தான் உதவிக்கு ஓடியது. முயல் கொல்லையில் யாரும் இல்லை. அணில் கொல்லையிலும் இல்லை. அந்த வாரம் எல்லாரும் சேர்ந்து முள்ளம்பன்றியின் கொல்லையில் களையெடுப்பது என்று கூட்டத்தில் முடிவாகியிருந்தது. அது செவத்தானுக்கு எப்படித் தெரியும்? காடெல்லாம் சுற்றி, ஓடைக்கு அப்பால் அவர்களைக் கண்டுபிடிக்கும்போது உச்சி வெயில் ஆகிவிட்டது.

யாரும் ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. போட்டது போட்டபடி ஓடி வந்தார்கள். கொல்லையில் வெறும் தட்டைதான் நின்றது.

முள்ளம்பன்றி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு சொன்னது. "அன்னிக்குக் குதிர் குதிரா இருந்தது தம்பி. பகிர்ந்தது போக மிச்சத்தையெல்லாம் விதைச்சாச்சு. இப்ப எங்ககிட்டயும் அறுப்பு வரைக்கும் அரைவயித்துக்குத்தான் இருக்கு."

அந்த அரைவயிற்றிலும் ஆளுக்கொரு பிடி கொண்டுவந்து கொடுத்தார்கள். பூவாயி அதைத் தண்ணீர் போலக் கஞ்சியாக்கிக் குட்டிகளுக்கு ஊற்றினாள். அவளும் செவத்தானும் பட்டினி கிடந்தார்கள். ஆனாலும் கஞ்சி எல்லாக் குட்டிகளுக்கும் போதவில்லை. காட்டில் அறுப்புத் தொடங்குவதற்கு முன்பே கடைக்குட்டி கண்ணை மூடிவிட்டது.

செவத்தான் அதைத் தன் கொல்லையின் ஓரத்திலேயே குழி தோண்டிப் புதைத்தது. முயலும் அணிலும் கூடவே நின்று மண் தள்ளின.

"இல்லைன்னு ஒரு வார்த்தை. அதைச் சொல்லியிருந்தா என் பிள்ளை இருந்திருக்கும்" என்றாள் பூவாயி.

தன் குறையைச் சொந்தச் சனத்திடம் மறைத்து ஒதுங்குகிறவனின் வீம்புக்கு, அவனை நம்பியிருக்கும் சின்ன உயிர்களே பலியாகின்றன.