லோர்னே ஆற்றங்கரையில் கோடு கிழிக்க வந்தவர்

“மூன்று மாதமாக நடக்கிறேன், தாயே. என் அரசரின் நாடு எங்கே முடிகிறது என்று ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை.”

சொன்னவர் ஓட்வின். மேற்கு நாட்டு அரசரின் எழுத்தர். ஐம்பதைத் தாண்டியவர். அரசரின் ஏழு கோட்டைகளையும் கல் பிசகாமல் தோலில் வரைந்து கொடுத்தவர். தன் கையைப் பற்றி அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

சொன்னது ரிஷில்டாவிடம். லோர்னே ஆற்றங்கரைக் கன்னியர் மடத்தின் தலைவி அவர். வயது இருபத்தாறுதான்; தலைவியாகி ஒரு வருடம்தான். ஆனாலும் தீராத கேள்வி உள்ளவர்கள் மலை தாண்டி அவரைத் தேடி வந்தார்கள்.

ரிஷில்டா முட்டைக்கோசுக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“எதற்குத் தெரிய வேண்டும்?”

“எங்கள் அரசருக்கும் கிழக்கே பேரரசருக்கும் பகை முற்றிவிட்டது. சனிக்கிழமை படைத்தலைவர் ரெனோ இங்கே வருகிறார். எல்லைக்கு உள்ளே இருப்பதைக் காப்பார். வெளியே இருப்பதைக் கொளுத்துவார். எல்லைக் கோட்டை நான்தான் கிழித்துக் காட்ட வேண்டும்.”

“காட்டாவிட்டால்?”

“அவரே கிழித்துக்கொள்வார். வாளால்.”

ரிஷில்டா எழுந்தார். கையிலிருந்த மண்ணைத் தட்டினார். வேலியில் கிடந்த கயிற்றை எடுத்து நீட்டினார்.

“உங்கள் அரசருக்கு மட்டுமே உரிய ஒன்றைத் தேடுங்கள். அதில் வேறு யாருக்கும் பங்கு இருக்கக் கூடாது. கிடைத்ததும் இந்தக் கயிற்றை அதில் கட்டிவிட்டு வாருங்கள். எல்லைக் கோட்டை அங்கிருந்து தொடங்கலாம்.”

அரை நாள் வேலை என்று நினைத்தார் ஓட்வின்.

*

முதலில் மாவு ஆலைக்குப் போனார். ஆலைக்காரர் தியரி வாசலில் நின்றார்.

“இந்த ஆலை யாருடையது?”

“கட்டடம் மலைக்கோட்டைப் பிரபுவுடையது. மாவு அரைக்கும் கல் பிஷப்புடையது. தண்ணீர் மடத்துடையது.”

“நீ யாருடைய ஆள்?”

தியரி மாவு படிந்த மார்பை நிமிர்த்தினார்.

“சண்டை என்றால் பிரபுவோடு போவேன். வழக்கு என்றால் பிஷப்பின் மன்றம். என் மகள் கல்யாணத்துக்கு மடத்துத் தாயாரிடம் உத்தரவு வாங்குவேன்.”

“மூன்று பேருக்கு அடிமையா?”

“என்ன ஐயா இப்படிச் சொல்லிவிட்டீர்கள்? ஒருவர் என்னை மிரட்டினால் மற்ற இருவரிடமும் போய் நிற்பேன். இதுவரை ஒருவரும் மிரட்டியதில்லை.”

ஓட்வின் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு நடந்தார்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஹெர்சென்ட் என்ற விதவையின் வீடு. அவள் அவருக்கு ரொட்டியும் பாலாடைக்கட்டியும் கொடுத்தாள்.

“என் மூத்தவன் உங்கள் அரசரின் கையைப் பிடித்துச் சத்தியம் செய்தவன். இளையவன் பேரரசருக்குச் சத்தியம் செய்தவன். இரண்டு பேரும் சொன்ன சொல் மாறாதவர்கள்” என்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகம் மலர்ந்தது.

“ஒரே வீட்டிலா?”

“ஒரே வீட்டில்தான். ஒரே பலகையில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறார்கள்.”

ஓட்வின் சனிக்கிழமையைப் பற்றிச் சொன்னார்.

அவள் அவர் உட்கார்ந்திருந்த பலகையைத் தொட்டுக் காட்டினாள்.

“உங்கள் கோடு இதில் எந்த இடத்தில் போகும்?”

ஓட்வின் கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்தார்.

*

வெள்ளிக்கிழமை மதியம் கிடைத்துவிட்டது.

ஆறு வளையும் இடத்தில் ஒரு புல்வெளி. நடுவே ஒரு கல். கல்லில் கிரீடம் செதுக்கியிருந்தது. புல் அறுத்துக்கொண்டிருந்தவர்களைக் கேட்டார்.

“அரசருடைய புல்வெளி” என்றார்கள்.

“பிஷப்புக்குப் பங்கு?”

“கிடையாது.”

“பிரபுவுக்கு?”

“கிடையாது.”

கல்லில் கயிற்றைக் கட்டினார். ஐம்பது வயதை மறந்து மடத்துக்கு ஓடினார்.

“கிடைத்துவிட்டது, தாயே!”

“நல்லது. அரசருக்கு அதைக் கொடுத்தது யார் என்று கேட்டீர்களா?”

“அதைக் கேட்கவில்லையே.”

ரிஷில்டா அவரைக் கோயிலுக்குள் அழைத்துப் போனார். பீடத்துக்குப் பின்னால் இருந்த பெட்டியைத் திறந்து ஒரு தோல் சுருளை எடுத்தார். அடியில் அரசரின் முத்திரை தொங்கியது. முப்பது வருடம் அந்த முத்திரையைக் கையாண்டவர் ஓட்வின். பொய் முத்திரை அல்ல.

லத்தீனில் எழுதியிருந்ததை உரக்கப் படித்தார். பட்டம் கட்டிய வருடம், ஓட்வின் வேலைக்குச் சேரும் முன்பே, அரசர் இந்தப் பீடத்தின் முன் மண்டியிட்டிருக்கிறார். ஒருவருக்கு ஆளாகச் சேர்பவர் செய்வதுபோல், அப்போதைய தலைவியின் கைகளுக்குள் தன் கைகளை வைத்திருக்கிறார். புல்வெளியை அவரிடமிருந்து பெற்றிருக்கிறார். பதிலுக்கு, இந்த மடத்தையும் இந்தப் பள்ளத்தாக்கில் குடியிருக்கும் ஒவ்வொருவரையும் தானே வாளெடுத்துக் காப்பேன் என்று சத்தியம் செய்திருக்கிறார். தலைவி மாறும்போதெல்லாம் வந்து மீண்டும் மண்டியிடுவேன் என்றும் எழுதியிருந்தது.

படித்து முடித்ததும் ஓட்வினின் குரல் தணிந்தது.

“அப்படியானால் என் அரசர்... உங்கள் ஆளா?”

“புல்வெளிக்கு மட்டும்” என்றார் ரிஷில்டா.

ஓட்வின் சுருளை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். வெட்கப்படுவார் என்று ரிஷில்டா நினைத்திருக்கலாம். ஓட்வினின் கண்கள் கலங்கியிருந்தன. ஆனால் தலை குனியவில்லை.

“இதை நான் எடுத்துப் போகலாமா?” என்று கேட்டார்.

*

சனிக்கிழமை காலை நாற்பது குதிரைகள் வந்தன. நாலைந்து பேர் கையில் தீவட்டி எரிந்தது. பாலத்தின் நடுவில் ஓட்வின் தனியாக நின்றார். மடத்து வாசலில் ரிஷில்டா. அவருக்குப் பின்னால் ஆலைக்காரர் தியரி, ஹெர்சென்ட், அவளுடைய இரண்டு மகன்கள், மொத்த ஊரும்.

ரெனோ குதிரையை நிறுத்தினார்.

“எழுத்தரே, கோடு எங்கே?”

“இல்லை.”

“மூன்று மாதம் என்ன செய்தீர்?”

“தேடினேன். அப்படி ஒன்று இங்கே இல்லை.”

“நீர் யாருடைய எழுத்தர்?”

“அரசருடைய எழுத்தர். அதனால்தான் இங்கே நிற்கிறேன்.”

சுருளை விரித்தார். ஒரு வரி விடாமல் படித்தார். முத்திரையைத் தூக்கிக் காட்டினார்.

“நீங்கள் தீ வைக்கலாம். வைத்தால், உங்களை எதிர்த்து முதலில் வாளெடுத்து வர வேண்டியவர் நம் அரசர். சொல் தவறாத அரசர் என்று நாடெங்கும் சொல்லி வருகிறோம். நான் பெருமையாகச் சொல்லி வந்திருக்கிறேன். இன்று அதைப் பொய்யாக்கப் போகிறீர்களா?”

ரெனோ முத்திரையைப் பார்த்தார். ரிஷில்டாவைப் பார்த்தார்.

ரெனோ கையை அசைத்தார். தீவட்டிகள் ஒவ்வொன்றாக ஆற்றில் விழுந்தன.

“அரசரிடம் நான் என்ன சொல்வது?” என்று கேட்டார். குரலில் அதிகாரம் குறைந்திருந்தது.

ஓட்வின் சுருளை மெதுவாகச் சுற்றினார்.

“மடத்துக்குப் புதிய தலைவி வந்து ஒரு வருடம் ஆகிறது. அரசர் இன்னும் வந்து மண்டியிடவில்லை என்று சொல்லுங்கள்.”