வசந்தாமணியின் முறை

சென்னியப்பன் அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். அவருடைய குருவுக்கு முப்பதுகூட ஆகவில்லை. குருவின் பெயர் பிரவீணா. பீளமேட்டில் ஒரு காலேஜுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தாள்.

குரு என்றதும் வேதாந்தம், வீணை என்றெல்லாம் போய்விட வேண்டாம். அவள் சொல்லிக்கொடுத்தது விளையாட்டு. மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்வார்கள். ஒருவர் கதை நடத்துவார். இதோ காடு, இதோ கோட்டை, வாசலில் பூதம் நிற்கிறது, என்ன செய்கிறீர்கள் என்று கேட்பார். மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம். வெட்டுகிறேன், மந்திரம் போடுகிறேன், ஓடிவிடுகிறேன் என்று முறை வைத்துச் சொல்வார்கள். பகடையை உருட்டினால் பலித்ததா இல்லையா என்று தெரியும். பலித்தால் அனுபவப் புள்ளி, புள்ளி சேர்ந்தால் அடுத்த லெவல்.

இதற்காக ஒரு மனுஷன் பம்புசெட் கடையை நேரத்தோடு பூட்டிவிட்டு வருவாரா என்றால், சென்னியப்பன் வந்தார். முதல்நாள் வந்தது பில் புத்தகம் ஜெராக்ஸ் எடுக்கத்தான். கடைக்குள்ளே காலேஜ் பிள்ளைகள் ஆடிக்கொண்டிருந்ததைப் பார்த்து நின்றார். நின்றவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நாளில் தன் வீட்டிலேயே ஞாயிறுதோறும் மேசை போட்டார். மனைவி வசந்தாமணி, மைத்துனர், மாடியில் குடியிருக்கும் புருஷன் பெண்டாட்டி என்று கூட்டம் சேர்ந்தது. கதை நடத்துவது சென்னியப்பன்.

மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு அந்த வீட்டில் பேச்சே இல்லாமல் போயிருந்தது. கேஸ் தீர்ந்தது, தயிர் புளித்தது, அவ்வளவுதான் பேச்சு. இப்போது வசந்தாமணி வெங்காயம் அரிந்துகொண்டே, "ஏனுங்க, அந்தக் கோட்டைக்குப் பின்வாசல் இருக்குமா?" என்று கேட்பாள். அதைக் கேட்டால் சென்னியப்பனுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருக்கும். அதற்காகவே ஞாயிற்றுக்கிழமையை எதிர்பார்த்திருந்தார்.

அன்று அவர் கடைக்குள் வந்தபோது பிரவீணா மெஷின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். காலேஜ் லீவு, ஆள் இல்லை.

"என்னங்கண்ணா, முகமே செரியில்லை?"

சென்னியப்பன் உட்கார்ந்தார். எல்லாவற்றையும் கொட்டினார்.

வசந்தாமணி எடுத்த வேஷம் பாதி வாள்வீராங்கனை, பாதி வைத்தியச்சி. ஒன்றை எடுத்துக்கொள் என்று எல்லோரும் சொல்லிப் பார்த்தார்கள். எனக்கு ரெண்டும் வேணும் என்றுவிட்டாள். வருகிற புள்ளியை இரண்டாகப் பிரித்துத்தான் வாளுக்குப் பாதி, மருந்துக்குப் பாதி என்று போட வேண்டும். மற்றவர்கள் ஏறிக்கொண்டே போனார்கள். இவள் வாளிலும் கீழே, மருந்திலும் கீழே. வருகிற பூதங்களோ மற்றவர்கள் லெவலுக்கு வருகின்றன, ஒரே அடியில் இவள் விழுந்துவிடுகிறாள். ரெண்டுங்கெட்டானாக நிற்கிறாள். மைத்துனர் வேறு, அக்கா நீ ஓரமா நில்லு என்று கிண்டல் செய்கிறார்.

மனசு கேட்காமல் சென்னியப்பன் போன ஞாயிறு ஆட்டம் முடிந்ததும் அவள் கணக்கில் புள்ளியைச் சத்தமில்லாமல் கூட்டிப் போட்டிருக்கிறார். அவளா ஏமாறுவாள்? கண்டுபிடித்துவிட்டாள். சண்டை போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. பகடையைச் சம்படத்தில் போட்டு மூடிவிட்டு, "எனக்கு இனாமெல்லாம் வேண்டாங்க. இனி நீங்க ஆடுங்க, நான் காப்பி போட்டுத் தர்றேன்," என்று எழுந்து போய்விட்டாள். அன்றிலிருந்து மறுபடியும் கேஸ், தயிர்தான்.

"அவ மேலயும் தப்பிருக்குதுங்க அம்மிணி," என்றார். "முறை வந்தா ஒண்ணைச் சொல்ல மாட்டா. வெட்டறேன்னு ஆரம்பிச்சு மருந்துக்குப் போயிருவா. ஒரு முறைக்கு ஒரு வேலைதானுங்களே? ரெண்டுல ஒண்ணு சொல்லுன்னா முழிக்கறா."

பிரவீணா துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இப்ப நான் என்ன பண்ணட்டும்? புள்ளியைப் பிரிக்காம ரெண்டுக்கும் முழுசாக் குடுத்துறட்டுங்களா? இல்ல, மத்தவங்களுக்குக் கொறைச்சுறட்டுங்களா?"

அவள் துணியை மடித்து வைத்தாள். பேனா டப்பாவைக் கவிழ்த்தாள். உள்ளேயிருந்து பகடை விழுந்தது.

"போன வாரம் என்ன கதைங்கண்ணா?"

மலைக்குள் ஒரு சிறை, அதில் ஊர்த்தலைவர் அடைபட்டுக் கிடக்கிறார், மலைக்குப் போக ஒரு மரப்பாலம், பாலத்தில் ஈட்டியோடு ஒரு காவலாளி. மைத்துனர் காவலாளியை வெட்டிச் சாய்த்தார். கொன்றவருக்குப் புள்ளி. பிறகு எல்லோரும் மலைக்குள் போய், வழி தெரியாமல் இருட்டில் சுற்றிச் சுற்றி வந்தார்கள். தலைவர் இன்னும் உள்ளேதான் கிடக்கிறார்.

"அதை இப்ப நான் நடத்தறேன். நீங்க ஒருத்தர்தான் ஆடறீங்க. உங்க வீட்டுக்காரம்மா வேஷத்துல."

"தனியாவா? செத்துப்போயிருவேனுங்க."

"பாக்கலாம்."

மழை பெய்கிறது என்றாள். பலகை வழுக்குகிறது, கீழே ஆறு, எதிரே அவன். சென்னியப்பன் வசந்தாமணி வேஷத்தின் வாள், மருந்து எண்களை நினைத்துப் பார்த்தார். எல்லாம் சின்னச் சின்ன எண்கள். உருட்டினார். வெட்டு தப்பியது. ஈட்டி தோளில் கீறிவிட்டுப் போனது. மறுபடி உருட்டினார். இந்தத் தடவை வாள் காவலாளியின் தொடையில் இறங்கியது. அவன் மண்டியிட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டான். ஈட்டி ஆற்றில் விழுந்தது. பலகையெல்லாம் ரத்தம் என்றாள் பிரவீணா.

"என்ன செய்யறீங்க?"

இன்னொரு வெட்டு வெட்டினால் தீர்ந்தது. ஆனால் அப்புறம் இருட்டில் தனியாகப் போக வேண்டும்.

"வாளை அவன் கழுத்துல வச்சுக்கறேன்."

"செரி."

"இன்னொரு கையில அவன் தொடைக்குக் கட்டுப் போடறேன்." சொன்னவர் உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார். "ரெண்டு வேலை ஆயிருச்சுங்களே."

"உருட்டுங்க."

உருட்டினார். பிரவீணா பகடையைப் பார்த்தாள். அவள் குரல் காவலாளியின் குரலாக இறங்கியது.

"என் புள்ளைகளைப் பாக்க விடுவியா? அப்படின்னா இடது பக்கம் போகாத. அது பாழுங்குழி. பாலத்துக்கு அடியில ஒரு கதவு இருக்குது. அது நேரா சிறைக்குப் போகும்."

சென்னியப்பன் நிமிர்ந்தார். "என் கதையில அங்க கதவே இல்லீங்களே அம்மிணி."

"கட்டுப் போட்டவங்களுக்குத்தான் அது தெரியும்."

அப்புறம் நடந்ததெல்லாம் மளமளவென்று நடந்தது. கதவைத் திறந்தார், தலைவரைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். நாலு பேர் கூடிச் செய்ய முடியாததை ஒரு ரெண்டுங்கெட்டான் தனியாகச் செய்து முடித்தது. சென்னியப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். வீட்டுக்குப் போனதும் வசந்தாமணியிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தார். அப்போதுதான் கணக்கு ஞாபகம் வந்தது.

"ஆமா, ஒருத்தனையும் கொல்லலையே. இதுக்கு எத்தனை புள்ளிங்க போடறது?"

பிரவீணா பகடையை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"அதை அப்புறம் பாக்கலாங்கண்ணா. போன வாரம் இதே பாலத்துல, அவங்க முறை வந்தப்ப என்ன சொன்னாங்க?"

சென்னியப்பன் வாயைத் திறந்தார்.

போன வாரமும் காவலாளி மண்டியிட்டுத்தான் இருந்தான். அவனை மண்டியிட வைத்தது வசந்தாமணியின் வாள். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, மேசைமேல் சாய்ந்து, வாளை இப்படியே வச்சுக்கிட்டு இந்தக் கையால அவனுக்கு, என்று ஆரம்பித்தாள். ரெண்டுல ஒண்ணு சொல்லு என்றார் இவர். அவள் இவர் முகத்தையே பார்த்தாள். செரி, அடுத்தது யாரு என்றார் இவர். அடுத்தது மைத்துனர்.



வாசலில் யாரோ ஆதார் கார்டை நீட்டி ரெண்டு பக்கமும் வேணும் என்றார்கள். பிரவீணா எழுந்து போனாள். மெஷின் ஓடி நின்றது. அவள் திரும்பி வந்தபோதும் அவர் கையில் பகடையை வைத்துக்கொண்டு அப்படியேதான் உட்கார்ந்திருந்தார். எத்தனை புள்ளி என்று மறுபடி கேட்கவில்லை.