பேரைச் சொல்லவும்

"என் வெப்சைட் பக்கத்தால ஒருத்தர்கூட வீடு போய்ச் சேரலையே, சிஸ்டர்" என்றாள் கித்தேரியம்மாள்.

சிஸ்டர் ஜெசிந்தாவுக்கு அவளுடைய மகள் வயதுதான் இருக்கும். ஆனால் கம்ப்யூட்டர் சொல்லித்தருவதில் அவர்தான் குரு. சிஷ்யைக்குத்தான் தலை நரைத்திருந்தது.

நினைவு தவறித் தெருவில் திரிந்தவர்களைச் சேர்த்துக்கொள்ளும் இல்லம் அது. இந்த ஊரில் இருந்தது பெண்கள் வீடு. ஆண்கள் வீடுகள் வேறு வேறு ஊர்களில் இருந்தன. தேடுகிறவர்கள் ஊர் ஊராய் அலையாமல் எல்லாரையும் ஒரே இடத்தில் பார்க்கட்டும் என்றுதான் ஒரு வெப்சைட் செய்யச் சொன்னார்கள்.

அந்த வேலையைக் கித்தேரி கேட்டு வாங்கிக்கொண்டாள்.

அவள் தம்பி தொம்மை, கல்யாண வீட்டுக்குப் பால் வாங்கப் போனவன். திரும்பவே இல்லை. வருஷங்கள் ஆகிவிட்டன. அவனைத் தேடித்தான் முதலில் இந்த வாசலுக்கு வந்தாள். அவன் இல்லை. அவள் இங்கேயே இருந்துவிட்டாள்.

மாதாவிடம் அவளுக்கு ஒரு நேர்ச்சை இருந்தது. நான் செய்கிற பக்கத்தால் ஒரே ஒருத்தராவது வீடு போய்ச் சேரட்டும். அதற்கப்புறம் என் தம்பியை எனக்குக் காட்டு, தாயே.

"பக்கத்தைத் திறங்கக்கா" என்றார் சிஸ்டர்.

திறந்தாள்.

மாதா படம் மெல்ல எழுந்தது. மேலிருந்து ரோஜா இதழ்கள் உதிர்ந்தன. பாட்டு ஆரம்பித்தது.

"பூ நல்லாத்தான் உதிருது."

"கிண்டல் பண்ணாதீங்க சிஸ்டர். அதுக்கு எவ்வளவு பாடுபட்டேன் தெரியுமா?"

"பாட்டு எப்போ முடியும்?"

"முழுசா வரும்."

"ம்."

"கீழ பாருங்க, தேடுற பெட்டி. பேரை எழுதணும். பேர் பொருந்தினா அவங்க முகம் வந்திடும். எழுதத் தெரியாதவங்களுக்கு மைக்கும் வச்சிருக்கேன். 'பேரைச் சொல்லவும்'னு போட்டிருக்கேன். இதைவிடச் சுலபமா எப்படி வைக்கிறது? என்ன குறைன்னு சொல்லுங்க, திருத்திடுறேன்."



அந்த நேரம் பார்த்து ஒரு அம்மா உள்ளே வந்தாள். வெயிலில் நடந்து முகம் கறுத்திருந்தது. பேர் கேட்டதற்கு உச்சிமாகாளி என்றாள்.

"எங்க வீட்டுக்காரக கோயிலுக்குப் போயிட்டு வாறேன்னு கிளம்பினாக. இடையிடையே நினைப்பு தப்பிரும் அவுகளுக்கு. எங்கெங்கயோ தேடியாச்சு. இங்க கேட்டுப் பாருன்னாங்க."

"போட்டோ இருக்காம்மா?"

"கல்யாணத்துல எடுத்தது ஒண்ணு இருக்கு. அதுல அவுகளுக்கு மீசையே முளைக்கல."

சிஸ்டர் அவளை நாற்காலியில் உட்காரவைத்தார். தன் செல்போனில் பக்கத்தைத் திறக்கப் போனவர், என்னவோ நினைத்துக்கொண்டு அலமாரியைத் திறந்தார். ஒரு துண்டு கருப்பட்டி எடுத்துக் கித்தேரியிடம் நீட்டினார்.

"வாயில போடுங்க."

"எதுக்கு?"

"இது கரையிற வரைக்கும் பேசக் கூடாது. கடிக்கவும் கூடாது."

கித்தேரி போட்டுக்கொண்டாள். நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றாள்.

செல்போன் உச்சிமாகாளியின் கைக்குப் போனது. மாதா எழுந்தாள். பாட்டு ஆரம்பித்தது.

உச்சிமாகாளி செருப்பைக் கழற்றினாள். போனை மடியில் வைத்துக் கைகூப்பினாள்.

சரி, இப்போ கீழே தள்ளு தாயீ. கித்தேரி மனசுக்குள் சொன்னாள்.

கூப்பிய கை இறங்கவில்லை. சாமி பாட்டு நடக்கும்போது நடுவில் கை வைப்பாளா அவள்? ஒரு சரணம் முடிந்தது. அடுத்தது வந்தது. பூ உதிர்ந்துகொண்டே இருந்தது.

அந்தப் பாட்டு இவ்வளவு நீளம் என்று கித்தேரிக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது.

ஒருவழியாய் முடிந்தது. சிஸ்டர் மைக்கைக் காட்டினார். உச்சிமாகாளி தொட்டாள். அது சிவப்பாய் விழித்தது.

பேரைச் சொல்லவும்.

வாயைத் திறந்தாள். மூடினாள்.

மைக் காத்திருந்து பார்த்துவிட்டு அணைந்தது.

மறுபடி தொட்டாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அப்புறம் தொடவே இல்லை. போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

கித்தேரி கருப்பட்டியை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குத் தள்ளினாள். சிஸ்டரைப் பார்த்தாள். சிஸ்டர் ஜன்னலைப் பார்த்தார்.

கடைசித் துணுக்கும் கரைந்தது.

"பேரைச் சொல்லுங்களேம்மா!"

"வாயால எப்படிச் சொல்லுவேன்? கட்டினவுக பேரு." அவ்வளவு துக்கத்திலும் உச்சிமாகாளிக்கு வெட்கம் வந்தது. "எங்க ஊருக் குளத்தங்கரையில குதிரை மேல இருக்காருல்ல. அந்தச் சாமி பேருதான்."

"அய்யனாரா?"

தலையைக் குனிந்துகொண்டாள்.

கித்தேரி போனை வாங்கித் தானே எழுதினாள்.

இந்தப் பேரில் யாரும் இல்லை.

"மிஷினே சொல்லிருச்சு" என்றாள் உச்சிமாகாளி. காலால் செருப்பைத் துழாவினாள். "அது பொய் சொல்லாதுல்லம்மா?"

 சாயங்காலச் செபம் முடிந்ததும் கித்தேரியும் வேறு ஆட்கள் நடத்துகிற இல்லங்களின் பக்கங்களைத் திறப்பாள். தொம்மை என்று எழுதுவாள். தினமும் இதே வரிதான் வரும். அவளும் இப்படித்தான் எழுந்து போவாள்.

"வெறும் வயித்தோட போகக் கூடாது. சாப்பிட்டுட்டுப் போங்கம்மா." சிஸ்டர் உச்சிமாகாளியைச் சாப்பாட்டு அறையில் விட்டுவிட்டு வந்தார்.

"பாட்டை எடுத்திடுறேன் சிஸ்டர். பேர் சொல்லக் கூச்சப்படுறவங்களுக்கு வேற வழி பார்க்கிறேன். ஆனா பேரை எழுதியும் இல்லைன்னுதானே வந்துச்சு? அதுக்கு நான் என்ன செய்ய?"

சிஸ்டர் ஜன்னல் வழியாகக் கூப்பிட்டார்.

"மேரி!"

முற்றத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்த பெண் திரும்பவில்லை.

"மேரி!"

அவள் ஒரு சேலையை உதறினாள்.

"ஏ மேரிம்மா!"

"என்னையா கூப்பிட்டீங்க?"

"உன் பேரு என்ன?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நல்லாருக்கே! மேரின்னு நீங்கதானே வச்சீங்க? மாதா திருநாள் அன்னிக்கு பஸ் ஸ்டாண்டுல இருந்து கூட்டியாந்தீங்கன்னு?"

"அதுக்கு முன்னால?"

மேரி கையிலிருந்த ஈரச் சேலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஒண்ணு இருந்துச்சு" என்றாள். கொடிப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சிஸ்டர் ஜன்னலை விட்டு நகர்ந்தார். கித்தேரி நகரவில்லை.

பிறகு போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். பாட்டை எடுத்தாள். பூவை எடுத்தாள். மாதாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அவளை மூலையில் சின்னதாய் நிறுத்தினாள். மைக்கை எடுத்தாள். பெட்டியையும் எடுத்தாள்.

பெட்டிக்குப் பின்னால் பூட்டிக் கிடந்த முகங்கள் மட்டும் மிஞ்சின. அவற்றைப் பெரிதாக்கி ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தாள்.

உச்சிமாகாளி ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே, சொல்லிவிட்டுப் போக வந்தாள். சிஸ்டர் மறுபடியும் போனை அவள் கையில் வைத்தார்.

யாரும் எதையும் சொல்லித்தரவில்லை. அவளே கட்டைவிரலால் தள்ளினாள். ஒரு முகம். தள்ளினாள். இன்னொரு முகம்.

"பாவம், யாரு பெத்த பிள்ளையோ."

தள்ளினாள்.

"இவருக்கு எங்க அண்ணன் சாடை."

தள்ளினாள்.

விரல் நின்றது.

உட்கார்ந்திருந்தவள் எழுந்து நின்றாள். முந்தானையை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொண்டாள்.

"தாடி வச்சிருக்காக" என்றாள் போனைப் பார்த்து. "தாடியே ஆகாதே இவுகளுக்கு. அரிக்குதும்பாக."

கித்தேரி எட்டிப் பார்த்தாள். முகத்துக்குக் கீழே அவளே எழுதியிருந்த பேர் இருந்தது.

லாரன்ஸ்.

சிஸ்டர் அவர் இருந்த ஆண்கள் வீட்டுக்குப் போன் போட்டார். "இருக்கார். இப்பத்தான் சாப்பிட்டார்" என்றார்கள். உச்சிமாகாளி செருப்பு போடக்கூட மறந்து வாசலுக்கு நடந்தாள். சிஸ்டர் அதை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போய், அவளைப் பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பினார்.

நேர்ச்சை நிறைவேறிய கித்தேரி மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றக்கூடப் போகவில்லை. கம்ப்யூட்டர் முன்னால் இருந்தாள். வேறு ஏதோ ஊர் இல்லத்தின் பக்கம் திறந்திருந்தது. பேர் எழுதும் இடத்தில் கோடு மினுக்கிக்கொண்டிருந்தது. அவள் கைகள் மடியிலேயே கிடந்தன.

"என்னக்கா, எழுதலையா?"

கித்தேரி நிமிர்ந்து பார்த்தாள்.

"என் தம்பிக்கு அங்க என்ன பேர் வச்சிருப்பாங்க, சிஸ்டர்?"