ஓரத்தில் வில்லெடுத்த முயல்

அந்தக் காலத்தில் முயல் மனிதனிடம் முகத்துக்கு நேராகப் பேசும், மனிதனும் பதில் சொல்வான். இங்கிலாந்தில் ஒரு மடம். அச்சு வராத காலம், புத்தகமென்றால் துறவிகள்தான் ஆட்டுத்தோலில் கையால் எழுத வேண்டும். ஆஸ்வின் சாமியார் எழுதுவார். எழுத்துக்கு நடுவே அவர் விட்டுவைத்த கட்டத்தில் எட்மர் சாமியார் படம் போடுவார்.

மடத்துத் தோட்டத்தில் குட்டி போட்டிருந்த முயலுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஊர்ப் பிரபு வேட்டைப் புத்தகம் கேட்டிருந்தார். நாளைக்குப் புத்தகம் அவர் கைக்குப் போகும். பார்த்த கையோடு வேட்டை ஆசை வந்து நாய்களை அவிழ்த்துவிடுவார். குட்டிகளுக்கோ இன்னும் ஓடத் தெரியாது.

முயல் ஜன்னல் வழியே எழுதும் அறைக்குள் குதித்தது. "சாமி, என்ன எழுதியிருக்கீங்க?"

"நாய் முயலைப் பிடிச்சுது," ஆஸ்வின் தலை தூக்காமல் சொன்னார்.

"மாத்துங்க."

"பிரபு கேட்டது அதுதான்."

முயல் எட்மர் பக்கம் திரும்பியது. "நீங்களாவது?"

"கட்டத்துக்குள்ள எழுத்து சொன்னதைத்தான் போடணும்."

"சுத்தி இவ்வளவு வெறும் இடம் கிடக்கே, அது யாருக்கு?"

"ஓரமா? புரட்டறதுக்கு விரல் வைக்க. அங்க யாரும் எதுவும் போடறதில்ல."

முயலுக்கு அதற்கு மேல் கேட்டுக்கொண்டு நிற்கப் பொறுமையில்லை. சிவப்புச் சாயத்தில் பாதத்தை முக்கி ஓரத்தில் ஒரு குத்து குத்தியது.

ஆஸ்வின் பேயறைந்த மாதிரி எழுந்தார். பிழை வந்தால் கத்தியால் சுரண்டுவதுதான் அங்கே வழக்கம். சுரண்டினார். சிவப்பு போகவில்லை. இன்னும் சுரண்டினால் தோல் ஓட்டையாகிவிடும். "நாசமாப் போச்சு. எட்மர், இதை ஏதாவது படமா ஆக்கித் தொலையும்."

எட்மர் தூரிகையை எடுத்தார். கறைக்கு இரண்டு காது முளைத்தது.

"கையில வில்லு குடுங்க," என்றது முயல். கொடுத்தார். "நாயைக் கட்டுங்க." கட்டினார். "வேட்டைக்காரனையும்."

"உனக்குப் பேராசை," என்றார். அவனையும் கட்டினார்.

மறுநாள் பிரபுவின் கூடத்தில் ஆஸ்வின் லத்தீனில் வாசித்தார். அது அங்கே ஒருவருக்கும் புரியாது, பிரபுவுக்கும்தான். எல்லோர் கண்ணும் ஓரத்திலேயே இருந்தது. வெளியே செடி மறைவில் முயல் கால் மாற்றி மாற்றி நின்றது.

பிரபுவின் நாய்க்காரன் ஹாப், படத்தில் விரல் வைத்தான். "இது நம்ம நாய் கறுப்பி. முயலு கயித்துல கட்டி இழுத்துட்டுப் போகுது."

"எழுத்தில் அப்படி இல்லையப்பா," என்றார் ஆஸ்வின்.

"எழுத்தை நாங்க எங்க கண்டோம்? சாமியார் சும்மாவா போட்டிருப்பார்? நான் இன்னைக்கு வேட்டைக்கு வரலை."

கட்டுண்ட வேட்டைக்காரனின் தொப்பியையே பிரபு பார்த்துக்கொண்டிருந்தார். அசல் அவருடைய தொப்பி. "மழை வரும்போல இருக்கு. நாய் கிடக்கட்டும்," என்றார். வெளியே வெயில் கொளுத்தியது.

வேட்டை ஒரேயடியாக நின்றுவிடவில்லை. கோதுமை அறுப்பு முடிந்ததும் போனார்கள். அதற்குள் குட்டிகள் ஓடப் பழகி மேட்டைத் தாண்டிவிட்டன. ஆனால் அடுத்ததாகப் புத்தகம் கேட்டு வந்தவர் எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "ஓரத்துல முயல் உண்டுல்ல?" என்றுதான் கேட்டார்.

அன்று முதல்தான் அந்த நாட்டுப் பழைய புத்தகங்களில் எழுத்து ஒரு கதை சொல்ல, ஓரத்துப் படம் வேறொரு கதை சொல்கிறது. அங்கே வேட்டையாடுவது முயல்.