நீலச் சேலை

ரோஸ்லின் பெரிய ஆஸ்பத்திரிப் பிரசவ வார்டிலேயே தலை நரைத்த நர்ஸ். கிராமத்துக்கு மாற்றிவிட்டார்கள். வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் வேலையை அவளுக்குப் பழக்கியவள் நர்ஸ் சண்முகக்கனி. வயதில் இளையவள். ஆனாலும் அங்கே அவள்தான் குரு.

ஒரு மதியம், பருத்திக்காட்டு ஓரத்து வீட்டுக்குப் போனார்கள். பிள்ளை பெற்றவள் பெயர் முத்துப்பேச்சி. மாமியார், நாத்தனார், புருஷன் எல்லாரும் வாசல் வேப்பமரத்தடியில் இருந்தார்கள். பெற்றதிலிருந்து தூங்காமல் வீம்பு பிடிக்கிறாள், எதையோ பார்த்ததாகக் கதை கட்டுகிறாள் என்றார்கள். அவர்கள் பெயரை எழுத எனக்கு இன்றைக்கும் மனமில்லை.

உள்ளே முத்துப்பேச்சி பிள்ளையை இறுக்கிக்கொண்டு சுவரோரம் நின்றாள்.

"நேத்தும் வந்தீகளே."

நேற்று வரவில்லை என்றாள் நீலச் சீருடைச் சேலையில் நின்ற சண்முகக்கனி.

"அப்ப அதுதான். இதே நீலச் சேலையில வந்து பேசிச்சு."

ரோஸ்லின் மரப்பெட்டிமேல் உட்கார்ந்து, அப்படியெல்லாம் ஒன்றும் கிடையாது, தூக்கம் கெட்டால் இப்படித்தான் என்று தேற்றினாள். முத்துப்பேச்சி வாயை மூடிக்கொண்டாள்.

"அது எங்க உக்காரும்?" என்று கேட்டாள் சண்முகக்கனி.

முத்துப்பேச்சி மரப்பெட்டியைக் காட்டினாள். ரோஸ்லின் சட்டென்று எழுந்தாள்.

"இப்ப இருக்கா?"

"அக்கா எந்திரிச்சிட்டாக. அது எந்திரிக்கல."

சண்முகக்கனி பெட்டியை ஒட்டித் தரையில் உட்கார்ந்தாள்.

"என்ன சொல்லுது தாயி?"

 பிள்ளை முனகியது.

"புள்ளைக்குச் சூடு தாங்கலையாம். கெணத்துல விடச் சொல்லுது. வெயில் தாழறதுக்குள்ள."

சண்முகக்கனியின் முகம் மாறவில்லை. கை வலிக்குமே, கொஞ்சம் நான் வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள்.

"அதுகிட்டக் குடுக்க மாட்டீகளே?"

"மாட்டேன்."

பிள்ளை கை மாறியது. ரோஸ்லின் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். ஊர் சிரிக்கும், பேயோட்டும் கோடாங்கியை வைத்துப் பார்த்துக்கொள்கிறோம் என்று வீட்டார் வாசலில் மறித்தார்கள். சண்முகக்கனி முத்துப்பேச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு வண்டியில் ஏறினாள்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். முத்துப்பேச்சி தூங்கினாள். பக்கத்தில் பிள்ளையும் தூங்கியது.

திரும்பும் வழியில் ரோஸ்லின் மனத்தாங்கலோடு கேட்டாள்.

"இல்லாத ஒண்ணை எங்க இருக்குன்னு கேட்டியே கனி, அது பயத்தை வளர்க்கிறதாகாதா?"

சண்முகக்கனி சொன்னாள்:

"மரத்தடியில இருந்தவங்க எல்லாரும் இல்லன்னுதான் சொல்லிட்டிருந்தாங்க அக்கா. அது என்ன சொல்லிச்சுன்னு அவங்க ஒருத்தருக்கும் தெரியாது."